அறுபதாவது ஆள் மிச்சம்

ரிட்டயர் ஆன அன்றைக்குக் கம்பெனியில் தந்த சர்வீஸ் சர்ட்டிஃபிகேட்டை வாங்கின கையோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன். கேக் மேஜையில் தயாராக இருந்தது. கான்டீன்காரர் பழம்பொரியும் சாயாவும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். டெஸ்டிங் டீம் பிள்ளைகள் கைதட்டுவதற்காகச் சுற்றி நின்றார்கள். நான் அந்தத் தாளை மேலிருந்து கீழே ஒரு தடவை வாசித்துவிட்டு, "இது தப்பாக்கும். திருத்திக் கொண்டு வாங்க, பிறகு கேக் வெட்டலாம்" என்றேன். எச்.ஆர். பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. பாவம், அவள் நல்ல மனசோடுதான் செய்திருந்தாள்.

சாஃப்ட்வேரில் இருக்கிற தப்புக்கு நாங்கள் பக் என்று சொல்வோம். "கடைசி நாள்லயும் சேச்சிக்கு ஒரு பக் கிட்டி, அல்லே?" என்று, அக்காவைச் சேச்சி என்கிற அந்த மலையாளப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆனால் அதற்கு அப்புறம் அவர்களில் இரண்டு மூன்று பேர் போன் செய்து, ஒரு தாளுக்காக ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று கேட்டார்கள். அந்த மாதம்தான் அவர்களுடைய பதவிப் பெயரையும் மாற்றியிருந்தார்கள். டெஸ்ட் என்ஜினியர்கள் எல்லாரும் ஒரே நாளில் குவாலிட்டி அனலிஸ்ட் ஆகிவிட்டார்கள். அது ஏற்றமா இறக்கமா என்று தெரியாமல் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். போனில் சொன்னால் பாதிதான் சொல்ல முடியும், அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் ஜெபமணி. பாறசாலைக்காரி. வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டுக்காரரே சபையில் நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடம் முடித்து டைப்ரைட்டிங் ஹையர் பாஸானேன். திருவனந்தபுரத்தில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் பதினைந்து வருஷத்துக்கு மேல் டைப் அடித்தேன். ஒரு நாள் டைப்ரைட்டரை எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தில் கம்ப்யூட்டரை வைத்தார்கள், டைப்பிஸ்டாக இருந்த நான் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் ஆனேன். வேலை அதே வேலைதான். பிறகு அந்தக் கம்பெனியே மூடிப்போச்சு.

தொண்ணூறுகளின் நடுவில், நாற்பதைத் தாண்டின வயதில், கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆறு மாத கான்ட்ராக்டில் சேர்ந்தேன். பாறசாலையிலிருந்து தம்பானூருக்கு ஒரு பஸ், தம்பானூரிலிருந்து கழக்கூட்டத்துக்கு இன்னொரு பஸ். ஆபீசில் எல்லாம் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசுப் பிள்ளைகள், எல்லாரும் என்ஜினியர்கள். முதல் நாள் என்னைப் பார்த்து, யாருடைய அம்மாவோ சோறு கொண்டுவந்திருக்கிறாள் என்று ரிசப்ஷனில் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

அவர்கள் எழுதுகிற புரோகிராமை வாங்க வருகிறவர்களுக்கு ஓட்டிக் காட்டவேண்டும் அல்லவா? வெறும் ஸ்க்ரீனைக் காட்ட முடியாது. அதனால் அதில் ஆயிரக்கணக்கில் பெயர், விலாசம், எண் எல்லாம் அடித்து நிரப்ப வேண்டும். அதற்குத்தான் என்னை எடுத்தார்கள். நான் அடிக்க அடிக்க புரோகிராம் ஒவ்வொரு இடத்தில் முறியும். "தம்பி, இங்க நின்னுபோச்சு" என்பேன். அவர்கள் வந்து சரிசெய்வார்கள், நான் மறுபடி அடிப்பேன். இரண்டு மாதத்தில், சேச்சி அடித்துப் பார்க்காமல் எதையும் வெளியே அனுப்பாதே என்கிற அளவுக்கு வந்துவிட்டது. அதற்கு டெஸ்டிங் என்று பெயர் என்பது எனக்கு அப்போது தெரியாது. சொல்லித்தரவும் ஆளில்லை. கம்பெனியில் டெஸ்டர் என்று ஒரு பதவியே கிடையாது.

ஒரு சாஃப்ட்வேர் வெளியே போகும்போது அதோடு ரிலீஸ் ஃபாரம் என்று ஒரு தாள் போகும். அதில் 'எழுதியவர்', 'சோதித்தவர்', 'அனுமதித்தவர்' என்று மூன்று கையெழுத்து. சோதித்தவர் என்கிற இடத்தில் என்ஜினியர் பதவியில் உள்ளவர்தான் கையெழுத்துப் போடலாம் என்று விதி. அதனால் நான் சோதித்ததற்கு எங்கள் புராஜெக்ட் லீடர் அனில் கையெழுத்துப் போடுவான். தான் எழுதினதைத் தானே சோதித்ததாக அவனே போடுவான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு எரிச்சல் இருந்தது. அதை வெளியே சொல்லவில்லை, கான்ட்ராக்ட் நீட்டுவதற்கும் அவன் கையெழுத்துதான் வேண்டும்.

எங்களுக்கு மேலே குவாலிட்டி மேனேஜர் என்ற பதவியில் இருந்தவர் பிள்ளை சார். முன்னே மீட்டர் செய்கிற ஒரு ஃபேக்டரியில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவர். புரோகிராம் ஒரு வரி எழுதத் தெரியாது, அதை ஒளிக்கவும் மாட்டார். அரைக்கை வெள்ளைச் சட்டை. பாக்கெட்டில் ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சில். நாற்காலி முதுகில் ஒரு தோர்த்து, அதாவது நம்ம ஈரிழைத் துண்டு. ஏசி போட்ட ஆபீசில் தோர்த்து எதற்கு என்று பிள்ளைகள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அவர் மலையாளத்தில் பேசுவார், நான் பாறசாலைத் தமிழில் பதில் சொல்வேன். இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் வந்ததில்லை.

பக் கண்டால் அவருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். சீட்டில் மூன்றே கட்டம்: என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று நினைத்தீர்கள், என்ன வந்தது. என் முதல் சீட்டில், 'இந்த ஸ்க்ரீன் ரொம்ப மோசம், ஆர் செய்ததோ' என்று எழுதிக் கொடுத்தேன். சிவப்பு முனையால் அதன் கீழே ஒரு கோடு போட்டுத் திருப்பித் தந்தார்.

"ஜெபமணி, இது அபிப்ராயம். அபிப்ராயம் எனக்கும் உண்டு. நடந்ததை மட்டும் எழுதணும்."

சிவப்புக் கோடு விழுந்தால் திரும்ப எழுதவேண்டும். நீலக் கோடு விழுந்தால், சீட்டில் உள்ளபடியே அவர் தன் கையால் செய்து பார்த்து, அதே தப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிப்பார். பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. நீலக் கோடு விழாத எந்தச் சீட்டும் புரோகிராமர் மேஜைக்குப் போகாது. மூன்றாவது மாதத்திலிருந்து எனக்குச் சிவப்பே விழவில்லை என்பதை இந்த இடத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

இனி அந்த அறுபதாவது ஆளின் கதை. வளைகுடா நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் லேபுக்காக ஒரு சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்தோம். அதில் சர்க்கரை டெஸ்ட் ரிசல்ட் அடிக்க ஒரு ஸ்க்ரீன். அன்றைக்கு ரத்தம் கொடுத்த நோயாளிகள் வரிசையாக அதில் இருப்பார்கள். முதல் ஆளுக்கு எதிரே எண்ணை அடித்து என்டர் தட்டினால், அதைச் சேமித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போகும். நான் அறுபது பேருக்கான தாளை வைத்துக்கொண்டு மளமளவென்று அடித்தேன். தாளில் அறுபது எண்ணும் தீர்ந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் ஸ்க்ரீனில் அறுபதாவது ஆள் வெறுமனே நிற்கிறார்.

"ஒரு வரியை விட்டிருப்பீங்க சேச்சி" என்றான் அனில்.

எனக்குச் சுரீர் என்றது. வருஷக்கணக்காக அடித்தவள் நான், வரி விடுகிற கை இல்லை எனக்கு. சீட்டு எழுதி பிள்ளை சாரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு விரலால் அறுபது பேருக்கும் அடித்தார். முக்கால் மணி நேரம் ஆச்சு, ஒரு தப்பும் வரவில்லை. சிவப்பும் போடாமல் நீலமும் போடாமல் சீட்டை மேஜையில் வைத்துவிட்டு, அனிலைக் கூப்பிட்டு நேரில் பார்க்கச் சொன்னார். அப்படி அவர் செய்து நான் பார்த்ததே இல்லை.

அனிலும் இன்னும் நாலு பேரும் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். "மெல்ல அடிங்க சேச்சி, எங்களுக்குக் காணணும்" என்றான். நான் ஒவ்வொன்றாக அடித்தேன். ஒவ்வொரு எண்ணும் யாருக்குப் போகிறது என்று எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். அறுபதும் சரியாக உட்கார்ந்தது. மறுபடி அடித்தேன், மறுபடியும் சரி. மூன்றாவது தடவையும் சரி. அனில் சீட்டை எடுத்து 'ஆபரேட்டர் எரர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அடித்தவளுடைய தப்பு என்று அர்த்தம். அடுத்த திங்கட்கிழமை ரிலீஸ். அதே வாரத்தில் என் கான்ட்ராக்டும் முடிகிறது.

பஸ்ஸில் அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேலை போகும் என்கிற பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், கை தப்பியது என்று எழுதிவிட்டானே, அதுதான் தாங்க முடியவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய ஒரு விஷயம் எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. போன வாரமும் இதே மாதிரி ஓர் ஆள் மிச்சம் வந்திருந்தது. அப்போது நானும், ஐயோ, வரி விட்டுட்டேன் போல என்று வெட்கப்பட்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தாளில் கடைசியாக இருந்த எண்ணை அந்த அறுபதாவது ஆளுக்கு அடித்து முடித்துவிட்டேன். ஒரு சீட்டும் எழுதவில்லை.

பஸ் நெய்யாற்றின்கரையைத் தாண்டும்போது, மடியில் இருந்த பையின் மேலே என் விரல்கள் தானாக அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறேன், கை தன்பாட்டுக்கு அடிக்கிறது. அப்போதுதான் பொறி தட்டியது. வேலை செய்யும்போது நான் ஸ்க்ரீனைப் பார்க்கவே மாட்டேன், தாளைத்தான் பார்ப்பேன். அனில் முன்னால் ஸ்க்ரீனைப் பார்த்து அடித்தேன். பார்த்து அடித்தால் கை மெதுவாகிவிடும். மெதுவாக அடித்தால் அந்தத் தப்பு வராது!

மறுநாள் காலை ஆபீஸ் திறந்ததும் பிள்ளை சார் முன்னால் போய் நின்றேன். சொன்னேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"இது முதல் தடவையா?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது, கர்த்தர் மன்னிக்கட்டும். "இல்ல சார். ரெண்டாவது. முதல் தடவை எனக்க கை தப்பீட்டுன்னு நினைச்சு, கடைசி ஆளுக்கு நானே போட்டு மூடிட்டேன்" என்றேன். தலையை நிமிர்த்த முடியவில்லை.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. "நீங்களே அப்படிச் செய்தீங்கன்னா, அங்க லேபில் உட்காரப் போற ஆளும் அதைத்தானே செய்யும்?" என்றார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. நடுவில் ஓரிடத்தில் ஒரு எண் வழுக்கினால், அதற்குக் கீழே உள்ள எல்லாருக்கும் அடுத்தவருடைய சர்க்கரை. கடைசி ஆள் மட்டும் வெறுமனே நிற்பார். அடிக்கிற பெண் வெட்கப்பட்டு அந்த ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போவாள். யாருக்குமே தெரியாது.

பிள்ளை சார் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துத் தன் கையாலேயே அறுபது எண் எழுதினார். முதல் ஆளுக்கு 101, இரண்டாம் ஆளுக்கு 102, இப்படியே அறுபதாம் ஆளுக்கு 160 வரை. எண் எங்கே வழுக்கினாலும் பார்த்த உடனே தெரிந்துவிடும், அதற்குத்தான். பிறகு அனிலை வரச் சொன்னார். நாற்காலி முதுகில் கிடந்த தோர்த்தை எடுத்து என் மானிட்டருக்கு மேலே போட்டு முழுக்க மூடினார்.

"இனி அடிங்க. உங்க பழைய ஆபீஸில் அடிச்ச மாதிரி."

கேட்டியளா, அப்போது என் கைக்கு எங்கிருந்து அந்த உயிர் வந்ததோ! தாளைப் பார்த்தேன், கை ஓடியது. என்டர் தட்டுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. அறுபதாவது எண்ணைத் தட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டேன். பிள்ளை சார் தோர்த்தை எடுத்தார். அறுபதாவது ஆள் வெறுமனே நின்றார். மேலே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தோம். பதினாறாவது ஆளுக்கு 116, சரி. பதினேழாவது ஆளுக்கு 118. அங்கிருந்து கீழே எல்லாமே ஒன்று தள்ளி. 117 எங்கேயும் இல்லை.

அனில் அந்த வரிசையை இன்னொரு தடவை தானே பார்த்தான். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "சேச்சி, ஒண்ணுகூட" என்றான், இன்னொரு தடவை என்று அர்த்தம். அவன் குரலில் இப்போது கேலி இல்லை. மறுபடி அடித்தேன், இந்தத் தடவை முப்பத்தொன்றில் வழுக்கியது. அவனுக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது. ஒரு எண்ணைச் சேமிக்கும்போது கம்ப்யூட்டர் சில சமயம் ஒரு கணம் திணறும். அதற்குள் நான் அடுத்த எண்ணை அடித்து என்டரும் தட்டிவிட்டால், அது முந்தின ஆளின் எண்ணை அழித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். இரண்டு விரலால் அடிக்கிற என்ஜினியர்கள் ஆயுசு முழுக்க அடித்தாலும் அந்தக் கணத்தைப் பிடிக்க முடியாது. சரிசெய்ய அவனுக்கு இரண்டு நாள் ஆச்சு. சேமித்து முடிகிற வரைக்கும் கீபோர்டு எதையும் வாங்காதபடி செய்தான். நான் தோர்த்தைப் போட்டு மூடி ஒரு பகல் முழுக்க அடித்தேன். ஒரு ஆள்கூட மிச்சம் வரவில்லை. பிள்ளை சார் நீலக் கோடு போட்டார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தால், ரிலீஸ் ஃபாரத்தில் வந்து நின்றது. சோதித்தவர் என்ற இடத்தில் அனில் வழக்கம்போல் கையெழுத்துப் போடப் போனான். பிள்ளை சார் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அனில் சோதிக்கல்ல. நானும் சோதிக்கல்ல. நாம எப்படிப் போடும்? ஜெபமணி போடட்டும்" என்றார். ஃபாரம் நகரவில்லை. ஏற்கெனவே இரண்டு நாள் தாமதம், எம்.டி.யே கீழே இறங்கி வந்துவிட்டார்.

"இவங்க டெசிக்னேஷன் என்ன?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

"டேட்டா என்ட்ரி ஆபரேட்டர்."

"கிளையன்ட் இதைப் பார்த்தா சிரிக்கும், பிள்ளை. ஒரு டைப்பிஸ்ட் சோதிச்சதுன்னு அனுப்பவா?"

பிள்ளை சார் குரலை ஏற்றவே இல்லை. "சார், அந்த ஆஸ்பத்திரியில் இந்த ஸ்க்ரீன் முன்னால தினமும் உட்காரப் போறது ஆரு? எம்.டி. இல்ல, என்ஜினியர் இல்ல. டேட்டா என்ட்ரி ஆபரேட்டர்தான். அவங்க செய்யப்போற தப்பை அவங்களைப் போல ஒருத்தி இங்க செய்து காட்டினதுனால நாம தப்பிச்சோம்" என்றார்.

எம்.டி. என்னைப் பார்த்தார். மோசமான மனுஷர் இல்லை. "ஆயிக்கோட்டே, அப்படியே ஆகட்டும். விதியை மாற்ற முடியாது, டெசிக்னேஷனை மாற்றலாம். இன்னையிலிருந்து இவங்க டெஸ்ட் என்ஜினியர். கான்ட்ராக்ட் வேண்டாம், பெர்மனன்ட். அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்குங்க" என்றார்.

நீங்களே சொல்லுங்கள், நாற்பது தாண்டின ஒரு டைப்பிஸ்டுக்கு ஒரே பேச்சில் என்ஜினியர் பதவி, நிரந்தர வேலை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். பக்கத்திலேயே பழைய சீட்டு கிடந்தது, அனில் கையால் 'ஆபரேட்டர் எரர்' என்று எழுதினது. அதைப் பார்த்ததும் பேனா நகரவில்லை.

"சார், நாளையிலிருந்து என்ஜினியர் ஆக்குங்க, சந்தோசமா வாறேன். ஆனா இதைக் கண்டுபிடிச்சது ஆபரேட்டராக்கும். தப்புன்னு எழுதும்போது ஆபரேட்டர்னு எழுதினீங்க. சரின்னு எழுதும்போது மட்டும் என்ஜினியர்னு எழுதினா எப்படி?"

இதோ வேலை போச்சு என்று நினைத்தேன். எம்.டி. பிள்ளை சாரைப் பார்த்தார். பிள்ளை சார் மேஜையைப் பார்த்துக்கொண்டு தோர்த்தால் முகத்தைத் துடைத்தார். அவர் சிரிப்பை மறைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அனில்தான் முதலில் பேசினான். "சேச்சி சொல்றது சரி, சார்" என்றான். எம்.டி. அந்த ஃபாரத்துக்கு மட்டும் விதியைத் தளர்த்தி ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதினார். நான் முழுப் பெயரையும் எழுதி, கீழே 'டேட்டா என்ட்ரி ஆபரேட்டர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கிளையன்ட் சிரித்ததாக இன்றுவரைக்கும் எனக்குத் தகவல் இல்லை.

மறுநாள் டெஸ்ட் என்ஜினியர் ஆனேன். பிறகு சீனியர் டெஸ்ட் என்ஜினியர், டெஸ்ட் லீட், கடைசியில் குவாலிட்டி கன்சல்டன்ட். விசிட்டிங் கார்டு மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு பதவியிலும் நான் செய்தது ஒன்றுதான். புதுசாக எது வந்தாலும், அதில் யார் உட்காரப் போகிறார்கள் என்று கேட்பேன், அந்த ஆளாக உட்கார்ந்து அடித்துப் பார்ப்பேன். பிள்ளை சார் ரிட்டயர் ஆகும்போது அந்தத் தோர்த்தைக் கேட்டேன். "அது அழுக்கு, புதுசு வாங்கித் தரேன்" என்றார். பிடுங்காத குறையாகப் பழசையே வாங்கிக்கொண்டேன்.

இனி சர்ட்டிஃபிகேட்டுக்கு வருகிறேன். எச்.ஆர். பெண் அதில் என் பதவிகளை வரிசையாக அச்சடித்திருந்தாள். முதல் வரியிலேயே, சேர்ந்த நாளிலிருந்து டெஸ்ட் என்ஜினியர் என்று இருந்தது. ஆபரேட்டர் என்று போட்டால் எனக்குக் குறைச்சலாக இருக்கும் என்று நினைத்து, அந்த ஆறு மாதத்தை அப்படியே விழுங்கிவிட்டாள். என் உத்தியோகத்தில் நான் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்கிற ஆறு மாதம் அது.

திருத்தின தாளில் கையெழுத்துப் போட அனில் வந்தான். இப்போது அவன் டெலிவரி ஹெட், தலையில் பாதி முடி இல்லை. முதல் வரியை வாசித்தவுடன் நான் ஏன் திருப்பிக் கொடுத்தேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. எச்.ஆர். பெண்ணிடம், "மோளே, முன்னே அடிச்சது எச்.ஆர். எரர்" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கையெழுத்துப் போட்டான். பிறகு தாளை நீட்டும்போது அவன் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். முதல் வரி, டேட்டா என்ட்ரி ஆபரேட்டர். மேலிருந்து கீழே ஒரு தடவை வாசித்துச் சரிபார்த்தேன். பிறகு கேக் வெட்டினேன்.